பெப்ரவரி 29, காலை ஆறு ஐம்பத்தைந்து

மரண அறிவித்தலுக்கும் ஏழு மணிச் செய்திக்கும் நடுவே
ஐந்து நிமிடம் என்னுடையது.
இதே நாளில் எந்தப் பாடகி பிறந்தாள்,
எந்தப் பாட்டு முதலிடம் பிடித்தது,
எந்த கிட்டார்க்காரன் மேடையிலிருந்து விழுந்து
பல்லு உடைந்தும் பாடி முடித்தான்.
கொழும்பு பல் துலக்கிக்கொண்டே கேட்கும்.

அலுமாரியில் முந்நூற்று அறுபத்தாறு கோப்புகள்.
டிசம்பரைக் கயிறு போட்டுத்தான் கட்ட வேண்டும்,
அவ்வளவு பேர் செத்திருக்கிறார்கள்.
யூலை இருபத்தைந்தும் தடிமன்.
ஆனால் அன்றைக்கு நாங்கள்
வாத்திய இசை மட்டும் போடுகிறோம்.
ஏனென்று புதிதாக வந்த பெடியன் கேட்டான்.
பாட்டு என்றால் ஒரு மொழி வேணுமே என்றேன்.

பெப்ரவரி இருபத்தொன்பது பப்படம் மாதிரி.
உள்ளே எங்கோ ஒரு ட்ரம்பெட்காரர் பிறந்த துண்டுச் செய்தி,
மூலையைக் கரப்பான் தின்றிருக்கிறது.
பிறகு பத்துத் தபாலட்டைகள்.
பத்தும் ஒரே கையெழுத்து.
எமரன்சியா குரூஸ், ஜம்பட்டா வீதி, கொழும்பு பதின்மூன்று.

"எழுபத்திரண்டாம் ஆண்டு இதே திகதி
கோயில் மண்டபத்தில் ஏழாம் ஜெட்டி என்ற பொப்பிசைக் குழு
தமிழில் பாடியது.
பாடியவன் என் தம்பி பெனடிக்ற்.
இசைத்தட்டு வெளிவரவில்லை.
தயவுசெய்து சொல்லவும்."

எண்பத்து நாலில் தம்பியின் சட்டை மஞ்சள்.
தொண்ணூற்றாறில் பச்சை.
இரண்டாயிரத்தில் கூட்டம் இருநூறு,
எட்டில் எழுநூறு.
தம்பி இப்போது எங்கே என்பது பத்திலும் இல்லை.
எழுபத்தாறில் அட்டை இல்லை, எண்பதிலும் இல்லை.
அப்போது அவனே வீட்டில் பாடிக்கொண்டு திரிந்திருப்பான்.

ஒவ்வோர் அட்டை மூலையிலும்
எனக்கு முந்தியவர்களின் பென்சில்:
ஆதாரம் இல்லை.
ஆதாரம் இல்லை.
கடைசி அட்டையில் சுருக்கமாக, ஆ.இ.
அது என்னுடைய கை.

இந்த முறை அட்டை வரவில்லை.
தபால் பையை இரண்டு தரம் கொட்டிப் பார்த்தேன்,
வாசல் காவலாளியையும் கேட்டேன்.
நாலு வருசத்துக்கு ஒருக்கால் வருகிறவள்
ஒரு நாள் பிந்தினால்
நாலு வருசம் பிந்தினதுதான்.

சிவப்பு விளக்கு எரிந்தது.
ட்ரம்பெட்காரருக்கு இருபது செக்கன் கொடுத்தேன்,
மிச்சமெல்லாம் ஏழாம் ஜெட்டிக்கு.
வாசித்து முடித்துப் போடுவதற்குத் தட்டு இல்லை.
ஒன்றும் போடாமல் இருந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லக்சிரி
இரண்டு கையையும் விரித்தார்.
தீவு முழுக்க அரை நிமிடம்
ரேடியோ மூச்சு மட்டும் விட்டது.

ஏழு ஐந்துக்குத் தொலைபேசி.
கொம்பனித்தெருவிலிருந்து சல்டீன் என்று ஒருவர், சரியான கோபம்.
"மகள், அது இருபத்தெட்டு. திங்கட்கிழமை.
செவ்வாய் எனக்கு ஹாபரில் இரவு வேலை.
இருநூறு கதிரை போட்டது, முப்பது காலி.
சட்டை மஞ்சளும் இல்லை பச்சையும் இல்லை,
என்னுடைய வெள்ளைச் சட்டை, இரவல்,
இன்னும் திருப்பித் தரேல்லை.
மூன்றாம் பாட்டில் சொல்லு மறந்து
லா லா என்று சமாளித்தான்.
ட்ரம்ஸ் அடிச்சவனுக்குத் தெரியாதா?"

எழுதிக்கொண்டே இருந்தேன்.
ஐம்பத்திரண்டு வருசத்தில் முதல் ஆதாரம்
மறுப்பாக வந்து சேர்ந்தது.
அது என்ன பாட்டு என்று கேட்டேன்.
சத்தம் இல்லை.
பிறகு ஏதோ பலகையில் விரல்.
எட்டுத் தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி எட்டு.
"சொல்லு எனக்கும் ஞாபகமில்லை" என்றார்.

இருபத்தெட்டாம் திகதிக் கோப்பில் இடமில்லை,
அங்கே பெரிய ஆட்கள் நெருக்கியடித்து இருக்கிறார்கள்.
இதிலேயே திரும்ப வைத்தேன்,
திகதி பிழையாக இருக்கலாம் என்று ஒரு குறிப்போடு.
ஆ.இ.யை அழிக்க ரப்பர் தேடினேன்.
லக்சிரியிடம் இருந்தது.
எதற்கு என்று கேட்டார்.
சிங்களத்தில் சொல்லத் தொடங்கி, சொல் வராமல்,
மேசையில் தட்டிக் காட்டினேன்.